இரண்டாம் மேல்முறையீடு: அட்மிஷனில் தள்ளுபடி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்

முன்சீப் கோர்ட்டில் தோற்று, அப்பீலிலும் தோற்று, உயர் நீதிமன்றத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் ஒரு தப்பான நம்பிக்கையோடு வருகிறார். அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒரு தடவை கேட்பார்கள் என்று. கேட்க மாட்டார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 100-இன்படி, வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருக்கிறது என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் மேல்முறையீடு உள்ளேயே போகும்; அதை முடிவு செய்யும் கட்டம்தான் அட்மிஷன். கோர்ட் வராந்தாவில் சொல்வது போலச் சொன்னால், 'சப்ஸ்டான்ஷியல் கொஸ்சன் ஆஃப் லா' வேண்டும். அது இல்லையென்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்கூடப் போகாமல் முதல் நாளே முடிந்துவிடும்.

இரண்டாம் மேல்முறையீடுகளைத் தயார் செய்வதும், ஜூனியர்கள் எழுதிக்கொண்டு வருவதைத் திருத்துவதும் பல வருடங்களாக என் வேலை. சறுக்குகிற இடங்கள் பெரும்பாலும் அதே இடங்கள்தான், அதனால் வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். கட்சிக்காரராக இருந்து இதைப் படிப்பவர், தன் வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் இது உதவும்.

1. முதலில், இது இரண்டாம் மேல்முறையீடுதானா?

மேல்முறையீட்டில் பிறந்த டிக்ரிக்கு (தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதிய உத்தரவுக்கு) எதிராகத்தான் பிரிவு 100. சார்பு நீதிமன்றமோ மாவட்ட நீதிமன்றமோ முதல் மேல்முறையீட்டைக் கேட்டு டிக்ரி கொடுத்திருக்க வேண்டும். முதல் மேல்முறையீட்டையே உயர் நீதிமன்றம் கேட்டிருந்தால் பிரிவு 100-க்கு வேலையில்லை. அந்தத் தீர்ப்பை ஒரு தனி நீதிபதி கொடுத்திருந்தாலும், அங்கேயே இரு நீதிபதிகள் அமர்வுக்குப் போகும் வழியைப் பிரிவு 100-ஏ அடைத்துவிட்டது.

அடுத்து, முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படித் திருப்பி அனுப்பும் ரிமாண்ட் உத்தரவுக்கு, அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 43, விதி 1(யு) என்று தனி வழி இருக்கிறது. அதற்கு இரண்டாம் மேல்முறையீடு எழுதிக்கொண்டு வந்து, எண் கொடுக்காமல் திரும்பிய வழக்குக் கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். போன நாள் போனதுதான்.

பணம் வசூலிக்கும் வழக்கு என்றால் பிரிவு 102-ஐயும் பாருங்கள். அசல் வழக்கின் தொகை 25,000 ரூபாயைத் தாண்டவில்லை என்றால் இரண்டாம் மேல்முறையீடே கிடையாது. அசல் வழக்கின் தொகை என்பதைக் கவனிக்கவும், வட்டி ஏறி இன்றைக்கு அது எவ்வளவாக நிற்கிறது என்பது கணக்கில் வராது.

எங்கே தாக்கல் செய்வது என்பதும் இதோடு சேர்ந்தது. மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியதிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் தொடங்கிக் கன்னியாகுமரி வரை உள்ள தென்பகுதி வழக்குகள் அங்கேதான். மற்றவை சென்னையில், புதுச்சேரியும் சென்னையில்தான்.

2. நாளை எண்ணுங்கள், நகலை இன்றே கேளுங்கள்

உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யக் காலவரையறைச் சட்டம் உறுப்பு 116-இன்படி 90 நாள். டிக்ரி என்றைக்குத் தயாராகிக் கையெழுத்தானாலும் அது தீர்ப்புச் சொன்ன நாளின் தேதியைத்தான் தாங்கும், எனவே கணக்கும் அந்த நாளிலிருந்துதான். தீர்ப்புச் சொன்ன அந்த ஒரு நாளை மட்டும் விட்டுவிட்டு எண்ண வேண்டும்.

சான்றிட்ட நகல் வாங்க ஆன நாட்கள் அதே சட்டத்தின் பிரிவு 12-இன்படி கழியும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். நகலுக்கு மனுப் போடுவதற்கு முன்பு கோர்ட் டிக்ரி எழுதிக்கொண்டிருந்த நாட்கள் கழியாது என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 'டிக்ரி இன்னும் டிராஃப்ட் ஆகலையாம், ஆனதும் போட்டுக்கலாம்' என்று குமாஸ்தா சொன்னதை நம்பி இரண்டு மாதம் உட்கார்ந்தவர் அந்த இரண்டு மாதத்தையும் இழந்துவிடுகிறார். தீர்ப்புச் சொன்ன அன்றே நகல் மனுவைப் போட்டுவிடுங்கள். நகல் தாள், முத்திரை கேட்டு அறிவித்த பிறகு நீங்கள் கட்டாமல் விட்ட நாட்களையும் கழிக்கக் கேட்க முடியாது.

நகல் கையில் வந்ததும் அதில் முத்திரையிட்டிருக்கும் தேதிகளை, மனுப் போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கடைசி நாளைக் கணக்கிட்டுக் கட்டின் மேலேயே ஒட்டுங்கள். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால், கோர்ட் திறக்கும் நாளில் போடலாம். ஆனால் அந்தச் சலுகையை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

3. எழுத உட்காரும் முன் கட்டில் இருக்க வேண்டியவை

இரண்டு கோர்ட்டின் தீர்ப்பும் டிக்ரியும் இருக்கும். அது போதாது. பிராது (வாதியின் வழக்குரை), எதிருரை (பிரதிவாதியின் பதில்), எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலம், சான்றாவணங்கள், கோர்ட் அனுப்பிய ஆணையரின் அறிக்கையும் வரைபடமும் இருந்தால் அவை, முதல் மேல்முறையீட்டு மனுவின் நகல், அப்புறம் முதல் மேல்முறையீட்டில் போட்டு நிலுவையில் விட்ட இடைமனுக்கள். கடைசியில் சொன்னதை யாரும் தேடுவதில்லை. ஏன் தேட வேண்டும் என்று 4-இல் சொல்கிறேன்.

பிராதும் எதிருரையும் ஏன் கட்டாயம்? சட்டக் கேள்விக்கு வாதுரையில், அதாவது பிராதிலோ எதிருரையிலோ, அடித்தளம் இருக்க வேண்டும், கீழ்க் கோர்ட்டின் நிலைத்து நிற்கும் முடிவுகளிலிருந்து அது எழ வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2001-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எதிருரையில் ஒரு வரிகூடச் சொல்லாத எதிரிடை அனுபவத்தை (உரிமையாளருக்கு எதிராக நீண்ட காலம் நிலத்தைக் கைவசம் வைத்திருந்ததை) உயர் நீதிமன்றத்தில் கேள்வியாக்கினால் 'இதை எங்கே சொல்லியிருக்கிறீர்கள்?' என்று கேட்பார்கள், காட்ட இடம் இருக்காது.

இன்னொன்று. கட்சிக்காரரிடம், எதிர்த்தரப்பில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேளுங்கள். பதினைந்து வருட நிலத் தகராறில் யாராவது இறந்திருப்பார்கள். இறந்துபோனவர் பெயரில் மேல்முறையீடு போட்டால் அவரைப் பொறுத்தவரை அது செல்லாது. போட்ட பிறகு இறந்தால் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள், அது கடந்தால் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு தானாகவே அற்றுப்போகும், அதை நீக்கக் கேட்க மேலும் 60 நாள். ஒரே ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால் தப்பித்திருக்க வேண்டிய மேல்முறையீடு ஒன்று இப்படியே செத்துப்போனதை என் கண்ணால் பார்த்தேன்.

4. முதல் மேல்முறையீட்டுத் தீர்ப்பை ஆபரேஷன் மாதிரிப் படியுங்கள்

நீங்கள் தாக்கப் போவது முதல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பைத்தான். எதிர்த்தரப்பின் அயோக்கியத்தனத்தைப் பற்றி இங்கே யாருக்கும் அக்கறை இல்லை. விசாரணைக் கோர்ட்டின் தீர்ப்பை முதலில் படியுங்கள், பிறகு மேல்முறையீட்டுத் தீர்ப்பை மூன்று தடவை படியுங்கள்.

முதல் தடவை, கட்டளை 41, விதி 31-ஐ வைத்துக்கொண்டு. தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகளை எழுதியிருக்கிறார்களா, ஒவ்வொன்றுக்கும் முடிவும் காரணமும் இருக்கிறதா? 'மேல்முறையீடு அனுமதிக்கத்தக்கதா?' என்று ஒரே ஒரு பிரச்சினையை எழுதி, சாட்சியத்தைத் தொடாமல் முடித்த தீர்ப்புகள் உண்டு. ஆனால் விசாரணைக் கோர்ட்டின் தீர்ப்பை உறுதி செய்யும்போது காரணங்களை எல்லாம் திரும்ப எழுத வேண்டியதில்லை, பொதுவாக உடன்படுவதாகச் சொன்னாலே பெரும்பாலும் போதும். மாற்றும்போதுதான் விசாரணைக் கோர்ட் சொன்ன காரணங்களோடு நேருக்கு நேர் மோதி, அவை ஏன் நிற்காது என்று சொல்ல வேண்டும். இதையும் அதே 2001 தீர்ப்பு சொல்கிறது. எனவே உங்கள் கட்சிக்காரர் முன்சீப் கோர்ட்டில் ஜெயித்து அப்பீலில் தோற்றவரா, இரண்டிலும் தோற்றவரா என்பது முதல் வரியிலேயே உங்கள் மனதில் இருக்க வேண்டும். முதல் வகைக்கு வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது தடவை, பென்சிலோடு. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அதற்கு ஆதாரமாகச் சொன்ன சாட்சி, சான்றாவண எண்ணை எழுதுங்கள். எதுவும் எழுத முடியாத முடிவு ஏதாவது இருந்தால் அதை வட்டமிடுங்கள். ஆதாரமே இல்லாத முடிவு என்பது சட்டக் கேள்வியாக மாறக்கூடியது.

மூன்றாவது தடவை, தீர்ப்பில் இல்லாததைத் தேடுங்கள். வழக்கையே தீர்மானிக்கக் கூடிய ஆவணம் பேசப்படாமல் விடப்பட்டிருக்கிறதா? கட்டளை 41, விதி 27-இன்கீழ் கூடுதல் சான்றுக்குப் போட்ட மனு முடிவு செய்யப்படாமலே தீர்ப்பு வந்துவிட்டதா? நிலுவையில் விட்ட இடைமனுக்களைத் தேடச் சொன்னது இதற்காகத்தான். தேடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும், சில கட்டுகளில் அதுதான் இருப்பதிலேயே வலுவான கேள்வியாக இருந்திருக்கிறது.

5. எது உள்ளே போகும், எது வெளியே நிற்கும்

அளவுகோல் 1962-இல் செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்தது. கேள்வி பொது முக்கியத்துவம் உள்ளதாகவோ, வழக்காடிகளின் உரிமையை நேரடியாகவும் கணிசமாகவும் பாதிப்பதாகவோ இருந்தால், அது இன்னும் முடிவாகத் தீர்க்கப்படாததா, அல்லது மாற்றுக் கருத்துகளை அலசிப் பார்க்க வேண்டியதா என்று பார்ப்பார்கள். நாட்டுக்கே முக்கியமான கேள்வியாக இருக்கத் தேவையில்லை. இரண்டு பங்காளிகளுக்கு நடுவிலுள்ள பாதைத் தகராறிலும் முக்கியமான சட்டக் கேள்வி இருக்க முடியும்.

இதைப் படித்துவிட்டு, 'சட்டம் தெளிவாக இருந்தால் கேள்வியே இல்லை போலிருக்கிறது' என்று நினைப்பது அடுத்த சறுக்கல். தீர்ந்துபோன சட்டத்தைக் கீழ்க் கோர்ட் கண்டுகொள்ளாமல் நேர் எதிராகப் போயிருந்தாலும் கேள்வி எழும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. அதே தீர்ப்பில் ஆவணங்களைப் பற்றி ஒரு நல்ல கோடு இருக்கிறது: ஆவணத்தின் வாசகத்திலிருந்து ஒரு நிகழ்வை ஊகிப்பது உண்மை பற்றிய விஷயம், அந்த வாசகத்தின் சட்ட விளைவு என்ன என்பது சட்டம் பற்றிய விஷயம். கிரயப் பத்திரத்தில் எல்லை சொன்னதை வைத்து இடம் எங்கே இருக்கிறது என்பது முதல் வகை. ஒரு பத்திரம் அடமானமா, திருப்பி வாங்கும் நிபந்தனையோடு கூடிய கிரயமா என்பது இரண்டாவது வகை.

உள்ளே போகிறவற்றில் அடிக்கடி வருபவை: நிரூபிக்கும் சுமையைத் தவறான தரப்பின் தலையில் வைத்தது, பதிவு செய்ய வேண்டிய ஆவணம் பதிவாகாமல் இருந்தும் அதை உரிமைக்குச் சான்றாக எடுத்தது, சட்டம் கட்டாயமாகச் செய்யச் சொன்ன அனுமானத்தைச் செய்யாமல் விட்டது, அசல் ஆதாரத்தைப் பார்க்காமலே முடிவு எழுதியது.

வெளியே நிற்பவை இன்னும் எளிது. எந்தச் சாட்சியை நம்புவது, நிலம் யார் கைவசம் இருந்தது, கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்ற வாதி தயாராக இருந்தாரா, இவற்றில் இரண்டு கோர்ட்டும் ஒரே முடிவுக்கு வந்திருந்தால் அது தப்பாகவே இருந்தாலும் உயர் நீதிமன்றம் சாதாரணமாகத் தொடாது. கட்சிக்காரருக்கு இதை ஃபீஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுவது நல்லது, பிறகு சொன்னால் நம்ப மாட்டார்.

6. கேள்வியை எழுதுவது

பெரும்பாலானவர்கள் மேல்முறையீட்டு காரணங்களை இருபது எழுதிவிட்டு, கடைசியில் அவற்றுக்குக் கேள்விக்குறி போட்டுச் சட்டக் கேள்வி என்று தலைப்பு வைக்கிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் கேள்வியை எழுதுங்கள், அது நின்றால் அதைத் தாங்கும் காரணங்களை மட்டும் எழுதுங்கள். பிரிவு 100(3) மேல்முறையீட்டு மனுவில் கேள்வியைத் துல்லியமாகச் சொல்லச் சொல்கிறது, நீதிபதி முதலில் புரட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.

ஒரு ஜூனியர் எழுதியது: 'கீழ் நீதிமன்றங்கள் வாய்மொழி மற்றும் ஆவணச் சாட்சியங்களைச் சரியாகப் பரிசீலிக்கத் தவறியது சட்டப்படி சரியா?' இந்தக் கேள்வியை உலகத்தில் எந்த வழக்கிலும் ஒட்டலாம், அதுதான் அதன் குறை. 'சட்டத்துக்கும் சாட்சியத்தின் எடைக்கும் மாறானது' என்று காலங்காலமாக முதல் காரணமாக எழுதிவருகிறோமே, அதன் தங்கச்சி இது.

அதே கட்டைத் திறந்து பார்த்தால் உயில் வழக்கு. சான்றொப்பமிட்ட இரண்டு சாட்சிகளில் ஒருவர் உயிரோடு உள்ளூரிலேயே இருந்தார், அவரைக் கூப்பிடவே இல்லை. பத்திர எழுத்தர் மட்டும் கூண்டேறியிருந்தார். திருத்தி எழுதியது இப்படி: 'சான்றொப்பமிட்ட சாட்சி ஒருவர் உயிரோடும் கோர்ட்டுக்கு வரக்கூடிய நிலையிலும் இருந்தும் அவரை விசாரிக்காமல், பத்திர எழுத்தரின் சாட்சியத்தை மட்டும் வைத்து உயில் நிரூபணமானதாக முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது, இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 63, சாட்சியச் சட்டம் பிரிவு 68 ஆகியவற்றின்படி சரியா?' பத்திர எழுத்தர் தானும் சாட்சியாக ஒப்பமிடும் எண்ணத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தால் கதை மாறிவிடும், அதனால் அவருடைய குறுக்கு விசாரணையைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியை முடிவு செய்தோம். 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய நடவடிக்கைகள் என்றால் பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 67 என்று எழுத வேண்டும்.

நல்ல கேள்வியில் மூன்று விஷயம் இருக்கும்: கீழ்க் கோர்ட் ஏற்ற அல்லது யாரும் மறுக்காத ஒரு நிகழ்வு, அதற்குப் பொருந்தும் சட்ட விதி, கோர்ட் அதை எங்கே மீறியது என்பது. எழுதி முடித்ததும் உங்களையே ஒன்று கேளுங்கள்: இந்தக் கேள்விக்கு எனக்குச் சாதகமாகப் பதில் வந்தால் டிக்ரி மாறுமா? மாறாது என்றால், எவ்வளவு அழகான சட்டப் பிரச்சினையாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். முடிவைப் பாதிக்காத கேள்வி சட்டக் கேள்வியாக இருக்கலாம், முக்கியமான சட்டக் கேள்வி ஆகாது.

சாட்சியத்தில் கை வைத்தே ஆக வேண்டும் என்றால், பக்க எண்ணோடு வையுங்கள். 'வா.சா.ஆ.4-ஐ (வாதி தரப்புச் சான்றாவணம் 4-ஐ) ஒரு வரிகூடப் பேசாமல், அதற்கு நேர் மாறாகப் பிரதிவாதிக்கு உரிமை உண்டு என்று முடிவு செய்தது ஆதாரமற்ற முடிவா?' என்பது நிற்கும். கேள்விகள் இரண்டு அல்லது மூன்று போதும். பதினான்கு கேள்வி எழுதினால் உங்களுக்கே எது என்று தெரியவில்லை என்றுதான் அர்த்தமாகும்.

7. நாள் கடந்துவிட்டதென்றால்

தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் பிரமாணப் பத்திரமும் மேல்முறையீட்டோடு சேர்ந்தே போக வேண்டும். எத்தனை நாள் தாமதம் என்பதைவிடச் சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதுதான் முக்கியம் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் காரணம் உண்மையாகவும் தேதியோடும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தாமத மனுப் போட்டவர்களுக்கெல்லாம் வந்த மஞ்சள் காமாலையைக் கணக்கெடுத்தால் சுகாதாரத் துறை பயந்துவிடும். நீதிபதிகளும் அதை ஆயிரம் தடவை படித்துவிட்டார்கள்.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. தாமத மனுவோடு வந்த மேல்முறையீட்டில், அதை விசாரணைக்கு எடுப்பது என்று முடிவாகும் வரை டிக்ரியை நிறுத்தி வைக்கக் கூடாது என்று கட்டளை 41, விதி 3ஏ சொல்கிறது.

8. ஸ்டே தனி வேலை

மேல்முறையீடு போட்டதாலேயே டிக்ரி நிற்காது. எதிர்த்தரப்பு நிறைவேற்று மனுப் போட்டு, டிக்ரியை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியரான அமீனாவோடு வந்து நிற்கலாம். கட்டளை 41, விதி 5-இன்கீழ் தனி மனு வேண்டும்: கணிசமான இழப்பு வரும், தாமதிக்காமல் வந்திருக்கிறோம், பிணையம் தரத் தயார் என்ற மூன்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு கேவியட் (தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு) போட்டிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்து அவர்களுக்கு நகல் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு உத்தரவு கிடைக்காது.

9. அட்மிஷன் நாளில்

நேரம் குறைவு. வழக்கின் கதையைப் பாட்டன் காலத்திலிருந்து தொடங்காதீர்கள். என்ன வழக்கு, எந்தக் கோர்ட்டில் என்ன ஆனது என்று இரண்டு வரி, உடனே கேள்வி, உடனே அந்தக் கேள்வி எழும் பத்தி எண். நீதிபதி 'இது உண்மை பற்றிய முடிவுதானே?' என்று கேட்பார். அதற்கான பதில் முந்தைய இரவே தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் மற்ற எந்தக் கேள்வியும் வராமல் போகலாம், இது வராமல் போகாது.

மூன்றில் ஒன்று நடக்கும். தள்ளுபடி ஆகலாம். அட்மிஷன் பற்றிக் கேட்க எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகலாம், இது அனுமதி அல்ல என்பதைக் கட்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள், இனிப்பு வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அல்லது கேள்விகளை வகுத்து ஏற்கலாம். ஏற்றால் உத்தரவு நகலை வாங்கிக் கேள்விகள் அதில் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கேள்வி வகுக்காமலே கீழ்க் கோர்ட் தீர்ப்பை மாற்றிய உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் பலமுறை ரத்து செய்து திருப்பி அனுப்பியிருக்கிறது. இங்கே ஜெயித்த பிறகு அந்தக் குறையால் எல்லாம் வீணாகக் கூடாது.

10. அதற்குப் பிறகு

ஏற்கப்பட்ட மேல்முறையீடு வகுத்த கேள்வியின் மேல்தான் நடக்கும். அப்போதும் எதிர்த்தரப்பு 'இந்தக் கேள்வி இந்த வழக்கில் எழவே இல்லை' என்று வாதிட உரிமை உண்டு, பிரிவு 100(5) அதைத் தந்திருக்கிறது. அட்மிஷனில் விட்டுப்போன கேள்வி ஒன்று பின்னால் தெரிந்தால், காரணங்களைப் பதிவு செய்து அதையும் எடுத்துக்கொள்ளலாம், எனவே தனி மனுப் போட்டுக் கேளுங்கள்.

தள்ளுபடி ஆனால் அதே உயர் நீதிமன்றத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பதிவேட்டைப் பார்த்தாலே தெரிகிற பிழை இருந்தால் சீராய்வு, அதற்கு 30 நாள். இல்லையென்றால் அரசியலமைப்பு உறுப்பு 136-இன்கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, அதற்கு 90 நாள். அந்தக் கணக்கையும் தள்ளுபடி ஆன அன்றே கட்டின் மேல் எழுதி, நகல் மனுவையும் அன்றே போட்டுவிடுங்கள்.